பலாலியில் இறங்கிய பெரும்படை: வல்லரசுத் தோல்விகளும் மயிலிட்டியின் சாட்சியமும்

அமெரிக்காவின் இராணுவத் தோல்விகளைப் பற்றிப் பேசுவதில் எம்மவர்க்கு என்றுமே ஓர் ஆர்வம் உண்டு. 1975 ஏப்ரல் 30 ஆம் திகதி சைகோன் வீழ்ந்ததையும், 1993 இல் மொகடிஷு வீதிகளில் அமெரிக்க ஹெலிகொப்டர்கள் விழுந்து நொறுங்கியதையும், 2021 ஓகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் கண்ட காட்சிகளையும் எமது வாசிகசாலைகளிலும் தேநீர்க் கடைகளிலும் பள்ளிவாசல் முன்றில்களிலும் பேசாதவர் இல்லை எனலாம். வலியவன் எளியவனிடம் தடுமாறுவதைக் காணும்போது ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆறுதல் பிறப்பது இயல்பே. அதனை நாம் குறை கூறவில்லை.

ஆயினும் தூரத்து உதாரணங்களைத் தேடி ஓடும் நாம், எமது வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த ஒன்றை அதே நிதானத்துடன் ஆராயத் தவறிவிட்டோம் என்றே கூறவேண்டும். உலகின் மிகப் பெரிய தரைப்படைகளுள் ஒன்று 1987 இல் பலாலியில் வந்திறங்கி, 1990 மார்ச்சில் தனது நோக்கம் எதுவும் நிறைவேறாத நிலையில் திரும்பிச் சென்றது. பலாலி விமானத்தளத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கடலை நோக்கியிருக்கும் மயிலிட்டிக் கிராமம் அந்த வருகையையும் கண்டது. அதன் வெளியேற்றத்தையும் கண்டது. அதற்கு மூன்று மாதங்களின் பின்னர் அந்தக் கிராமமே இல்லாமற் போனது. எனவே வல்லரசுத் தோல்விகளைப் பற்றிய இக்கட்டுரையை மயிலிட்டியில் நின்று எழுதுவதே பொருத்தமெனக் கருதுகிறோம்.

தோல்வி என்றால் என்ன?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஒரு படை ஒரு சண்டையில் தோற்பது வேறு. ஒரு நாடு ஒரு போரில் தோற்பது வேறு. வியட்நாமில் 1968 ஜனவரி இறுதியில் தொடங்கிய டெட் தாக்குதலை எடுத்துக்கொள்வோம். தென் வியட்நாமின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் ஒரே வேளையில் தாக்கப்பட்டன. சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதரக வளாகத்தினுள்ளேயே கெரில்லாக்கள் புகுந்தனர். இராணுவக் கணக்கின்படி அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. தாக்கியோரே பேரிழப்பைச் சந்தித்தனர். ஆனால் போர் முடிவை நெருங்குகிறது என்று தமது மக்களுக்கு வாக்குறுதியளித்து வந்த அமெரிக்க ஆட்சியாளரின் சொல், அன்றோடு பெறுமதியிழந்தது. ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் வரை உயர்ந்த படைத்தொகையும் 58,000 க்கும் அதிகமான உயிரிழப்பும் அந்த நாட்டுக்கு அது நாடிய முடிவைப் பெற்றுத் தரவில்லை.

ஆகவே, எந்த நோக்கத்துக்காகப் படை அனுப்பப்பட்டதோ அந்த நோக்கம் கைகூடாது போவதையே தோல்வி என்கிறோம். கைப்பற்றிய நகரங்களும் எண்ணப்பட்ட சடலங்களும் அதற்கு அளவுகோலாகா. இந்த அளவுகோலை வைத்தே யாழ்ப்பாணத்தையும் பார்க்க வேண்டியுள்ளது.

வரவேற்கப்பட்ட படை

1987 மே மாத இறுதியில் இலங்கை இராணுவம் வடமராட்சியில் பாரிய நடவடிக்கையொன்றை மேற்கொண்டது. அதனைத் தொடர்ந்து ஜூன் 4 ஆம் திகதி இந்திய விமானப்படையின் ஏ.என்-32 ரக விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையுடன் யாழ். குடாநாட்டின் மீது உணவுப் பொதிகளை வீசின. அந்தப் பொதிகளின் நிறை சுமார் 25 தொன்களே. அவற்றால் பசி தீர்ந்ததோ இல்லையோ, கொழும்புக்குச் செய்தி தெளிவாகச் சென்றடைந்தது. ஜூலை 29 ஆம் திகதி ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் பிரதமர் ரஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படைச் சிப்பாய் ரஜீவ் காந்தியைத் துப்பாக்கியால் தாக்க முயன்றார். அதே நாளில் இந்திய அமைதி காக்கும் படையின் முதல் அணிகள் பலாலியில் வந்திறங்கின.

குடாநாட்டு மக்கள் அந்தப் படையை மாலையிட்டு வரவேற்றனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. குண்டுவீச்சும் ஷெல்லடியும் ஓயும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். மயிலிட்டி, ஊறணி, தையிட்டி போன்ற கரையோரக் கிராமங்களுக்கு அச்சமின்றிக் கடலுக்குச் செல்ல முடியுமென்பதே பெருஞ்செய்தியாக இருந்தது.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. இரு அரசுகள் கைச்சாத்திட்டன. எவருடைய வாழ்வைப் பற்றி அது பேசியதோ அவர்கள் கைச்சாத்திடவில்லை. தமிழர் தரப்பில் ஆயுதம் ஏந்தியிருந்தோரின் சம்மதம் அரைமனதானது. முஸ்லிம் மக்களிடம் எவரும் கேட்கவே இல்லை. கிழக்கு மாகாணத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள், வடக்கும் கிழக்கும் இணைந்த ஒரே மாகாணத்தில் ஆறிலொரு பங்கைச் சற்றே தாண்டியவர்களாகக் குறைந்தனர். 1988 நவம்பரில் மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது முஸ்லிம் காங்கிரஸ் கிழக்கில் பெற்ற ஆதரவு, இந்தப் புறக்கணிப்புக்கு அம்மக்கள் அளித்த பதிலே. 2020 பெப்ரவரியில் டோஹாவில் அமெரிக்கா தலிபான்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஆப்கானிய அரசு பங்காளியாக இருக்கவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்வது நன்று. சம்பந்தப்பட்டோரை வெளியே நிறுத்திவிட்டு எழுதப்படும் சமாதானம், எழுதிய மை காயுமுன்னரே ஆட்டங் காணத் தொடங்கிவிடுகிறது.

ஒக்டோபர் இரவு

செப்டெம்பர் 15 ஆம் திகதி நல்லூர் வீதியில் உண்ணாவிரதம் தொடங்கிய திலீபன் 26 ஆம் திகதி உயிர் நீத்தார். ஒக்டோபர் முதல் வாரத்தில் குமரப்பா, புலேந்திரன் உட்பட விடுதலைப் புலிகளின் உறுப்பினர் 17 பேர் கடலில் இலங்கைக் கடற்படையினரால் கைதாகி, பலாலித் தளத்தில் வைக்கப்பட்டனர். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல முற்பட்டபோது 5 ஆம் திகதி சயனைட் அருந்தினர். 12 பேர் இறந்தனர். கிழக்கில் அப்பாவிச் சிங்கள மக்கள் பழிவாங்கப்பட்டனர். ஒக்டோபர் 10 ஆம் திகதியளவில் அமைதி காக்க வந்த படை போரில் இறங்கியது. அந்த நடவடிக்கைக்கு ‘பவான்’ என்று பெயரிடப்பட்டது.

ஒக்டோபர் 11 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டிப் பலாலியிலிருந்து எம்.ஐ-8 ரக ஹெலிகொப்டர்கள் புறப்பட்டன. யாழ். பல்கலைக்கழக வளாகத்தை அண்டிய புலிகளின் தலைமையகத்தில் திடீரென இறங்கித் தலைவர்களைப் பிடிப்பதே திட்டம். பரா கொமாண்டோக்கள் முதலில் இறங்கினர். அவர்களுக்குத் துணையாகச் சீக்கிய இலகு காலாட்படையினர் தொகுதி தொகுதியாக இறக்கப்பட இருந்தனர். ஆனால் வானொலித் தொடர்புகளை ஒட்டுக்கேட்ட புலிகள் முன்னரே காத்திருந்தனர். கடும் சூட்டினால் ஹெலிகொப்டர்கள் சேதமுற, மேற்கொண்டு ஆட்களை இறக்க இயலவில்லை. இறக்கப்பட்ட சீக்கியப் படையினர் 30 பேரும் பல்கலைக்கழக மைதானத்தில் தனித்து விடப்பட்டனர். அவர்களுள் 29 பேர் கொல்லப்பட்டனர்; ஒருவர் உயிருடன் பிடிபட்டார். கொமாண்டோக்கள் கொக்குவில் பிரம்படிப் பகுதியில் முற்றுகைக்குள்ளாகினர். புகையிரதப் பாதை வழியாக ரி-72 யுத்த தாங்கிகளைச் செலுத்தியே அவர்களை மீட்க முடிந்தது. அந்த மீட்பின்போது பிரம்படியில் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். அவர்களுடைய நினைவுத்தூபி இன்றும் அங்கு உண்டு.

ஏறத்தாழ ஆறு ஆண்டுகளின் பின்னர், 1993 ஒக்டோபர் 3 ஆம் திகதி, மொகடிஷுவில் இதே கதை மீண்டும் நடந்தது. ஐடீட்டின் சகாக்களைப் பிடிக்க ஹெலிகொப்டர்களில் இறங்கிய அமெரிக்கச் சிறப்புப் படையினர் நகருக்குள் முற்றுகையிடப்பட்டனர். இரு ‘பிளக் ஹோக்’ ஹெலிகொப்டர்கள் வீழ்த்தப்பட்டன. பாகிஸ்தானிய, மலேசியக் கவச வாகனங்களின் துணையுடன் மறுநாள் காலையிலேயே எஞ்சியோர் மீண்டனர். அமெரிக்கர் 18 பேரும் சோமாலியர் பல நூற்றுவரும் மாண்டனர். ‘ஒரே அடியில் தலைவனைப் பிடித்துவிட்டால் போர் முடிந்துவிடும்’ என்ற எண்ணமும், தொழில்நுட்பமும் துணிவும் உள்ளூர் அறிவின் குறையை ஈடு செய்துவிடும் என்ற நம்பிக்கையும் இரு இடங்களிலும் பொய்த்தன.

வென்ற நகரமும் இழந்த மக்களும்

ஒக்டோபர் மாத இறுதிக்குள் இந்தியப் படை யாழ். நகரைக் கைப்பற்றிவிட்டது. வரைபடத்தில் அது வெற்றியே. ஆனால் ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளித் தினத்தன்று, யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த படையினர் வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அத்தினத்தில் அப்படை குடாநாட்டு மக்களை இழந்துவிட்டது. 1989 ஓகஸ்ட் முற்பகுதியில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டபோது மிஞ்சியிருந்த நல்லெண்ணமும் அழிந்தது. இக்காலத்து அவலங்களை எல்லாத் தரப்பினரது தவறுகளுடனும் சேர்த்துப் பதிவு செய்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையைச் சொல்வோருக்கு எத்தரப்பிலும் இடமிருக்கவில்லை.

படையினரின் பக்கத்தையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். பஞ்சாபிலிருந்தும் இராஜஸ்தானிலிருந்தும் வந்த சிப்பாய்க்கு மொழி தெரியாது, ஒழுங்கைகள் தெரியாது, நேற்று மாலையிட்டவர்கள் இன்று ஏன் சுடுகிறார்கள் என்பதும் விளங்காது. அவர்களுள்ளும் வீரர்கள் இருந்தனர். 1987 நவம்பர் 25 ஆம் திகதி குடாநாட்டில் உயிரிழந்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்தியாவின் அதியுயர் இராணுவ விருதான பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் ஒரு தமிழர் என்பது இப்போரின் கசப்பான முரண்களுள் ஒன்று.

ஒரு பிரிவுடன் தொடங்கிய படை நான்கு பிரிவுகளாக வளர்ந்தது. உச்சகட்டத்தில் அதன் தொகை ஏறத்தாழ எண்பதாயிரத்தை எட்டியது. சுமார் 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்தனர். பொதுமக்களின் இழப்பு அதனைவிடப் பன்மடங்கு. 1989 ஜூன் முதலாம் திகதி, இந்தியப் படை வெளியேற வேண்டுமென ஜனாதிபதி பிரேமதாஸ பகிரங்கமாகக் கோரினார். தெற்கில் ஜே.வி.பி.யும் அதையே கோரியது. புலிகளுக்குக் கொழும்பு அரசே ஆயுதம் வழங்கியது. டில்லியிலும் 1989 டிசெம்பரில் ஆட்சி மாறியது. 1990 மார்ச் 24 ஆம் திகதி கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்பில் கலந்துகொள்ளத் தமிழக முதலமைச்சர் கருணாநிதி மறுத்துவிட்டார்.

ஒற்றுமைகள் சொல்லும் காரணங்கள்

இந்த மூன்றாண்டு அனுபவத்தை அமெரிக்கத் தோல்விகளுக்கு அருகில் வைத்து நோக்கினால் நான்கு காரணங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன.

முதலாவது, நடுவர் கட்சிக்காரராக மாறுவது. 1982 இல் பெய்ரூட்டுக்குச் சென்ற அமெரிக்கப் படையும் சமாதானப் படையே. 1983 செப்டெம்பரில் லெபனான் இராணுவத்துக்கு ஆதரவாக அமெரிக்கக் கப்பல்கள் குண்டு பொழிந்தபின், எதிரணியினரின் கண்களில் அது இன்னொரு கட்சியாகியது. ஒக்டோபர் 23 ஆம் திகதி வெடிமருந்து நிரப்பிய வாகனமொன்று அப்படைமுகாமைத் தகர்த்ததில் 241 அமெரிக்கப் படையினர் மாண்டனர். சில மாதங்களில் அப்படை வெளியேறியது. யாழ்ப்பாணத்தில் நடுவர் கட்சிக்காரரானது இதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னராகும். பாடம் கண்முன்னே இருந்தது, படிப்பதற்குத்தான் ஆளில்லை.

இரண்டாவது, எதிரியைக் குறைத்து மதிப்பிடுவது. தாமே பயிற்சியளித்த இளைஞர்கள் தம்மை எதிர்த்து எத்தனை நாள் நிற்பர் என்று டில்லி எண்ணியது. சில வாரங்களில் முடியுமெனக் கணித்த வேலை இரண்டரை ஆண்டுகளிலும் முடியவில்லை.

மூன்றாவது, மக்களிடம் வேரில்லாத நிர்வாகத்தைப் படைபலத்தால் நிறுத்த முயல்வது. வடக்கு கிழக்கு மாகாண சபையைக் காப்பாற்றவென உருவாக்கப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவத்தில் பாடசாலை மாணவர்கள் கூட வீதிகளில் பிடித்துச் சேர்க்கப்பட்டனர். இந்தியப் படை விலகத் தொடங்கியதும் அது சரிந்தது. பிடிக்கப்பட்ட பிள்ளைகளே அதற்குப் பலியாகினர். 1975 இல் தென் வியட்நாம் இராணுவமும், 2021 இல் ஆப்கானிய அரச படைகளும் இவ்வாறே கலைந்தன. வெளியாரின் முண்டுகோலில் நிற்கும் பந்தல் முண்டுகோலோடே விழும்.

நான்காவது, காலம். வந்தவன் என்றோ ஒருநாள் வீடு திரும்பியே ஆகவேண்டும். உள்ளூரவனுக்குத் திரும்பிச் செல்ல வேறு வீடில்லை. சோவியத் படை ஒன்பது ஆண்டுகளின் பின் 1989 பெப்ரவரியிலும், அமெரிக்கப் படை இருபது ஆண்டுகளின் பின் 2021 ஓகஸ்டிலும் ஆப்கானிஸ்தானை விட்டு நீங்கின. இந்தியப் படைக்கு மூன்று ஆண்டுகளே போதுமாயின.

யார் வென்றார்?

இதுவரை எழுதியதை வாசித்துப் பெருமிதம் கொள்ளும் வாசகர்களிடம் ஒரு கேள்வி. பெரும்படை தோற்றது, அப்படியாயின் வென்றவர் யார்?

இந்தியப் படை சென்று மூன்று மாதங்கள் முடிவதற்குள், 1990 ஜூன் 11 ஆம் திகதியளவில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டது. பலாலித் தளத்தைச் சுற்றிச் சண்டை பெருகவே, ஜூன் 15 ஆம் திகதி மயிலிட்டி மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறினர். சில நாட்களில் திரும்பலாம் என்றே அவர்கள் எண்ணினர். வடபகுதியின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. ஐஸ் ஆலைகளும் பாடசாலைகளும் கோவில்களும் தேவாலயமும் காசநோய் வைத்தியசாலையும் கொண்ட ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகியது. கடல்தொழிலாளர் குடும்பங்கள் மல்லாகம், கோணப்புலம் போன்ற இடங்களின் முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தன. கடலறியாத பிள்ளைகள் அங்கு பிறந்தனர்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ். நகரின் சோனகத்தெரு மக்களுக்கு ஒக்டோபர் 30 ஆம் திகதி வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. அவர்களும் உடுத்த உடையுடனேயே சென்றனர். அவர்களும் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். பேரரசொன்றின் படையை வெளியேற்றிய பெருமிதம் ஆறாத அதே ஆண்டில், எமது அயலவரை வெளியேற்றும் துப்பாக்கிகளை நாம் தடுக்கவில்லை. வல்லரசைத் தோற்கடித்தவர் நீதியை வென்றுவிட்டார் என்று பொருளில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. 1991 மே 21 ஆம் திகதி ஸ்ரீபெரும்புதூரில் ரஜீவ் காந்தி கொல்லப்பட்டதோடு, பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்த அனுதாபமும் பெருமளவு வற்றியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யாவும் முடிந்தபோது, 1990 இன் ‘வெற்றி’ எமது மக்களுக்கு எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலை 3 ஆம் திகதியே விடுவிக்கப்பட்டன. 27 ஆண்டுகளின் பின்னர் ஊருக்குள் நுழைந்தோர் தமது வீட்டைத் தேடவில்லை. வீடிருந்த இடத்தையே தேடினர். துறைமுகம் 2019 ஓகஸ்டில் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. பலாலி தளமும் அதே ஆண்டு ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. ஆனால் வலிகாமம் வடக்கில் மக்களின் காணிகள் யாவும் இன்னும் அவர்களது கைக்கு வந்து சேரவில்லை. எமது கடலில் அத்துமீறிப் பிடிபடும் தமிழகத்து இழுவைப்படகுகள் இன்று அதே மயிலிட்டித் துறைமுகத்திலேயே கட்டிவைக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் வானிலிருந்து உணவு வந்த திசையிலிருந்து, இப்போது வலைகளை அறுத்துச் செல்லும் படகுகள் வருகின்றன.

2015 மார்ச்சில் பிரதமர் மோடி தலைநகரை அண்டிய இந்தியப் படையினரின் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். பலாலியிலும் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. வெளியேறிய படைகள் தமது இறந்தோரின் பெயர்களைக் கல்லில் பொறிக்கும். வோஷிங்டனில் வியட்நாம் போரில் மாண்டோரின் பெயர்கள் கருங்கல் சுவரில் உள்ளன. அது முறையே. ஆனால் அப்படைகள் நடந்து சென்ற ஊர்களின் பெயர்களை எந்தக் கல்லில் பொறிப்பது?

வல்லரசுகளின் தோல்விகளை எமது இளைஞர் கற்கட்டும், அதிற் தவறில்லை. ஆனால் எந்தப் படை எத்தனை பேரை இழந்தது என்ற கணக்கோடு அக்கல்வி முடிந்துவிடலாகாது. போருக்கு முன்னர் அங்கே எந்த ஊர் இருந்தது, அந்த ஊரவர் இன்று எங்கே இருக்கின்றனர் என்ற கேள்வியையும் அவர்கள் கேட்கவேண்டும். மயிலிட்டிக் கடற்றொழிலாளி தன் காணியில் முழுமையாகக் குடியேறும் நாளும், சோனகத்தெருவிலிருந்து சென்றவர் அச்சமின்றித் தன் வாசலைத் திறந்து வாழும் நாளும் வரும்வரை, 1990 இல் எவரும் வென்றதாக நாம் எழுதப்போவதில்லை.